கட்டில் திரும்பிய முக்கு

அவர் பெஞ்சில் உட்காருகிற விதமே தனி. எவ்வளவு கூட்டமானாலும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒரு சாண் தள்ளித்தான் உட்காருவார். சுவரில் சாய மாட்டார். சுவருக்கும் முதுகுக்கும் நடுவிலும் ஒரு சாண். டீக்கடையில் கிளாசை விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொடுத்தால் திருப்பி நீட்டி, கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லுவார். கிளாஸ் நிறையக் கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்ட வாடிக்கைக்காரர் அந்தக் கடைக்காரருக்கு அவர் ஒருவர்தான்.

அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஓவர்சியர் அண்ணாச்சி என்றால் அந்தக் காலத்தில் நாகர்கோவிலில் வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். மராமத்து இலாகாவில் இருந்து பென்ஷன் வாங்கியவர். முதுகுக்குப் பின்னால் ‘சாண்மிச்சம்’ என்பார்கள். எதை அளந்தாலும் அளந்து முடித்துவிட்டு, “ஒரு சாண் மிச்சம் இருக்கட்டும்” என்று அவர் சொல்லுகிற பழக்கத்தால் வந்த பெயர். நானும் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான். சிரித்ததோடு நிற்காமல் ஒருநாள் சபையில் வைத்து அவரை வாய்க்கு வந்தபடி பேசியும் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மகள் கல்யாணத்தில் அவர் இலை போட்ட கதையை எங்கள் ஊரில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் இலைக்கு இலை ஒரு சாண் விட்டுத்தான் போட வேண்டும் என்று அவரே நின்று போட்டாராம். மூன்று பந்தியில் முடிய வேண்டிய சாப்பாடு ஐந்து பந்தி போயிற்று. சம்பந்திக்காரர்கள் பசியோடு காத்திருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கல்யாணத்தில் ஒருத்தர் முழங்கை ஒருத்தர்மேல் இடிக்கவில்லை, ஒருத்தர் ரசம் ஒருத்தர் இலைக்கு ஓடவில்லை என்பதையும் அதே ஆட்கள்தான் சொன்னார்கள்.

எனக்கு அவரோடு ஏற்பட்ட பழக்கம் எங்கள் வீட்டுச் சங்கத்தால் வந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த நேரம் அது. நாங்களும் அதற்குள்தான். என்ன உத்தரவு வேண்டுமானாலும் பைல் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். டவுனில் ஒண்டுக்குடித்தனம் இருந்த இருநூற்றுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, டவுனுக்குத் தெற்கே இருபது ஏக்கர் பனைவிளை நிலத்தை வாங்கியிருந்தோம். வாத்தியார்கள், கிளார்க்குகள், மில்லில் வேலை பார்க்கிறவர்கள், பஸ் கண்டக்டர்கள் என்று எல்லாரும் உண்டு. கோவிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், அய்யாவழிக்காரர்கள் என்று அதிலும் கலப்புத்தான். குடும்பத்துக்கு ஏழு சென்ட். சங்கத்தில் சேர்ந்த வரிசைப்படி மனை. என்னுடைய நம்பர் இருநூற்று ஆறு.

நான் ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். கோட்டாற்றில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் நானும் என் அக்காவும் இருந்தோம். அவளுக்குப் பதினாலு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டது. கயிற்றுக் கட்டில்தான் அவளுக்கு எல்லாம். கட்டிலில் கிடந்தபடியே அந்தச் சந்திலுள்ள அத்தனை பெண்களுக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பாள். வெளியூரில் இருக்கிற புருஷனுக்கு எழுதச் சொல்லி அவர்கள் சொல்வது ஒன்று, அவள் எழுதுவது ஒன்று. அவள் எழுதுகிற காரத்தில் மறுதபாலில் பதில் வந்துவிடும்.

எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்ட வேண்டும். தெருவுக்குப் போகிற வழியில் ஒரு முக்கு. அந்த முக்கில் கட்டில் திரும்பாது. அவளை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் யாராவது தோளில் போட்டுத்தான் தூக்க வேண்டும். சிறு பெண்ணாக இருந்தபோது பேசாமல் இருந்தாள். வயது வந்த பிறகு ஒருநாள் அப்படித் தூக்கிக்கொண்டு போகும்போது தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள். “நான் அரிசி மூடையா?” என்று கேட்டவள், அதன்பிறகு வெளியே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வருஷம் அந்த முக்கைத் தாண்டவில்லை. திருவிழாவுக்கும் வரவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. அவளை வானம் தெரிகிற ஒரு இடத்தில் கட்டிலோடு கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதற்காகத்தான் நான் சங்கத்தில் சேர்ந்தேன். வேறு ஒரு காரணமும் கிடையாது.

முதலில் சங்கத் தலைவரே ஆள் வைத்து ஒரு பிளான் வரைந்து அனுப்பியிருந்தார். தலைவர் ஜவுளிக்கடைக்காரர், துணியை வீணாக்காமல் வெட்டுகிறவர் நிலத்தையும் அப்படியே வெட்டியிருந்தார். ஓரமாக ஒரு பெரிய ரோடு, மனை வரிசைகளுக்கு நடுவில் ஊடுவழி ஐந்தடி. திருவனந்தபுரத்தில் இருந்து பிளான் திரும்பி வந்துவிட்டது. ஊடுவழியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று இருந்தது. விளையின் மேற்கு மூலையில் இருந்து கிழக்கே குளம் வரைக்கும் கோணலாக நாற்பதடி அகலத்தில் ஒரு நீளமான துண்டை ஒன்றும் போடாமல் விட்டு ‘பூங்கா’ என்று எழுதியிருந்தோம். இது பூங்காவா, மாட்டுவண்டிப் பந்தயம் விடுகிற இடமா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஓவர்சியர் அண்ணாச்சியைப் பிடித்தார்கள். அவர் கூலி கேட்கவில்லை. இருநூற்றுப் பத்துப் பேரின் விண்ணப்பங்களையும் படிக்கக் கேட்டார். எதற்கு என்று தலைவருக்குப் புரியவில்லை. நான் என் விண்ணப்பத்தில் ‘அக்காள், நடக்க இயலாதவர்’ என்று எழுதியிருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் குடையும் டேப்புமாக எங்கள் சந்துக்குள் வந்து நின்றார்.

வந்தவர் அக்காவைப் பார்த்து அய்யோ பாவம் சொல்லவில்லை. கட்டிலை அளந்தார். நீளம், அகலம், கால் உயரம் எல்லாம் குறித்துக்கொண்டு, தூக்குகிறவர்கள் பக்கத்துக்கு எத்தனை பேர் நிற்பார்கள், திரும்பும்போது எந்தப் பக்கம் தாழும் என்று அவளிடமே விசாரித்தார். அவளும் ஒரு காண்ட்ராக்டர் மாதிரி பதில் சொன்னாள். அவர் போன பிறகு, “இந்த மனுஷன் ஒருத்தராவது என் காலப் பாக்காம கட்டில் காலப் பாத்தாரே” என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

கட்டிலை அளந்த அதே கணக்கு அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் என் தலையில் விழுந்தது. ஊடுவழி எட்டடி இல்லாமல் நான் பிளானில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து நின்று சொன்னார். கட்டிலும் ஆட்களும் திரும்ப ஏழடி, வேலி சரிந்தால் இருக்கட்டும் என்று மேலே கொஞ்சம். தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊடுவழிக்கு மூன்றடி கூட்டினால் எட்டு மனை போய்விடும். கடைசியாகச் சேர்ந்த எட்டுப் பேருக்கு மனை கிடையாது. இருநூற்று மூன்று முதல் இருநூற்றுப் பத்து வரைக்கும்.

அதில் என் இருநூற்று ஆறும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் எழுந்து கத்தினேன். பாடையும் பல்லக்கும் போக வழி விட்டுவிட்டு உயிரோடு இருக்கிறவர்களைத் தெருவில் விடுகிற பிளான் என்றேன். சொந்த வீட்டில் கால்நீட்டிப் படுக்கிறவருக்கு ஒண்டுக்குடித்தனக்காரியின் பாடு எப்படித் தெரியும் என்றேன். அவரும் வாடகை வீட்டில், எங்கள் சந்தை விடக் குறுகின ஒரு சந்தில் இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதை அவர் சொல்லவும் இல்லை.

“டீச்சருக்குக் கோவம் வாறது நியாயந்தான். ஆனா எட்டடிய ஏழடியாக்க எனக்கு இயலாது” என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு சாண் விட்டு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அழுதேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த ஆளு சொல்லுகதுதான் சரி” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ராத்திரி நான் அவளோடு பேசவில்லை.

இவர் ஏன் இப்படிச் சாண் சாணாக அளந்து உயிரை எடுக்கிறார் என்பதற்கு ஊரில் ஒரு காரணம் சொன்னார்கள். பிரசவ வலியில் இருந்த மனைவியைச் சந்துக்குள் தூக்கிக்கொண்டு போக முடியாமல் அவள் வழியிலேயே போய்விட்டாளாம். கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. ரொம்ப நாள் கழித்து, நல்ல பழக்கமான பிறகு, தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன். “அவளா? அவ வீட்டுல அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருக்கா, டீச்சர்” என்றார். அப்புறம், தனக்கு அப்படி ஒரு கதையும் கிடையாது, முப்பது வருஷம் அளந்ததில் அதிகம் பார்த்தது இடித்துக்கொண்டு நிற்கிற ஜனங்களைத்தான், வேறொன்றும் இல்லை என்றார். என் இளகின மனசை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் சண்டை தீரவில்லை. ஐந்தடியே போதும் என்று பாதிப் பேர் நின்றார்கள். அப்படியானால் தரையில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றார் அண்ணாச்சி. விளையில் ஒரு பக்கம் ஐந்தடிக்கும் ஒரு பக்கம் எட்டடிக்கும் முளை அடித்துக் கயிறு கட்டி, முக்கும் வைத்து, கட்டிலை நாலு பேர் தூக்கித் திருப்பிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கட்டிலில் யார் படுப்பது? அங்கேதான் சிக்கல். நல்ல தேகத்தோடு இருக்கிற ஒருத்தன் நாலு பேர் தூக்குகிற கட்டிலில் படுக்கலாமா? அது அச்சானியம், கெட்ட சகுனம் இல்லையா? படுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. தலைவர் மணல் மூட்டையை வைக்கலாம் என்று யோசனை சொன்னார்.

“மூட்டைக்கு வாய் கிடையாது. எங்க இடிக்குன்னு சொல்லுகதுக்கு ஆளு வேணும்லா?” என்றார் அண்ணாச்சி.

இதை நான் வீட்டில் வந்து கேலியாகச் சொன்னேன். அக்கா எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை மடித்து வைத்தாள்.

“நான் படுக்கேன்னு போய்ச் சொல்லுட்டி” என்றாள்.

அந்த முக்கை யாருடைய தோளிலாவது கிடந்துதானே தாண்ட வேண்டும் என்று கேட்டேன். தாண்டுகிறேன் என்றாள். ஒன்பது வருஷம் எத்தனை பேர் கெஞ்சியும் அசையாதவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மில் தொழிலாளி அவளைத் தோளில் தூக்கினான். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாட்டுவண்டியில் உட்கார வைக்கிற வரைக்கும் அந்தத் தலைப்பை எடுக்கவில்லை.

விளையில் ஊரே கூடியிருந்தது. ஆளில்லாமல் செங்குத்தாக நிமிர்த்திச் சந்துக்கு வெளியே எடுத்த அவள் கட்டில் முன்னாலேயே வந்திருந்தது. முதலில் ஐந்தடி. முக்கில் திரும்பும்போது முன்னால் போன இரண்டு பேர் கயிற்றுக்கு வெளியே போய்விட்டார்கள், இரண்டு முளை சாய்ந்தது, அக்காவின் முழங்கையும் சிராய்த்தது. “ஏலே, இந்த இடத்துல நாளைக்குச் சொவரு இருக்கும், ஞாபகம் இருக்கட்டும்” என்று கட்டிலில் இருந்து சத்தம் கொடுத்தாள். அடுத்தது எட்டடி. கட்டில் தாழாமல் திரும்பியது. அண்ணாச்சி குனிந்து கட்டில் காலுக்கும் முளைக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஐந்தடிக்காரர்களும் எட்டடிக்குக் கை தூக்கினார்கள். எனக்கு அழுகை வந்தது. வழி அகலமாயிற்று, என் மனை போயிற்று.

வண்டி விளையின் மறுபக்கத்தில் நின்றது. தூக்கினவர்கள் கட்டிலோடு நேராகப் போகாமல் பனைகளுக்கு ஊடே மேடும் பள்ளமுமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏன் சுற்றுகிறீர்கள் என்று கேட்டாள் அக்கா. அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். மேற்கு மூலையில் சுடலைமாடன் பீடம் இருக்கிறது. அங்கே இருந்து குளம் வரைக்கும் மாடனின் வரத்துப்போக்கு. அவர் நடக்கிற வழி. அதில் யாரும் குறுக்கே எதுவும் வைப்பதில்லை, உச்சிப்பொழுதில் போவதும் இல்லை.

எங்கள் ‘பூங்கா’வின் ரகசியம் அதுதான். சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மாடனை நம்பமாட்டோம் என்று சொன்னவர்கள்கூட அந்தத் துண்டில் மனை வேண்டும் என்று கேட்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு எழுத வெட்கமாக இருந்ததால் பூங்கா என்று எழுதினோம். எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு சயன்ஸ் சொல்லிக் கொடுக்கிற நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அண்ணாச்சி கடற்கரைப் பக்கத்தில் இருந்து வந்தவர். அவர் இரண்டு தடவை கேட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

“பொம்பிள படுத்த கட்டிலுக்கு மாடன் வழி விடமாட்டாரா? நேரா நடங்கலே” என்றாள் அக்கா.

பயந்து பயந்துதான் நடந்தார்கள். யாரும் உழாத, எதுவும் நடாத தரை. கட்டில் துளி குலுங்கவில்லை. பாதி தூரம் போனதும் அக்கா நிறுத்தச் சொன்னாள். பின்னால் குடையோடு வந்துகொண்டிருந்த அண்ணாச்சியைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, இவ்வளவு நல்ல வழி கெடக்க, பெரிய ரோட்ட என்னத்துக்கு அங்க கொண்டுபோய்ப் போட்டிய? மாடன் நடக்க எடத்துல மனுஷன் நடந்தா என்ன?”

அண்ணாச்சி குடையை மடக்கித் தரையில் வைத்தார். பிறகு டேப்பை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நான் அவரைத் திட்டியதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பரிமாற்றம் அது. டேப் நாற்பதடி காட்டியது. பெரிய ரோட்டுக்குப் பிளானில் விட்டிருந்தது முப்பது. ரோட்டை மாடன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டால், பழைய ரோடு இருந்த இடம் முழுக்க மனைக்கு மிச்சம். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் கூட்டினார். எட்டு மனை. எண்ணி எட்டு.

தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை, மாடன் கோபித்துக்கொண்டால் யார் பொறுப்பு என்றார். அண்ணாச்சி அந்தப் பீடத்துக்குச் சாமியாடுகிற கோமரத்தாடியின் வீட்டுக்கே போய்க் கேட்டார். வழி நடப்பதற்குத்தானே, மண்சுவர் வைத்து மறிக்காமல் இருந்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். மாடன் உண்டென்று நீர் நம்புகிறீரா என்று தலைவர் அண்ணாச்சியைக் கேட்டார்.

“மாடன நான் பாத்ததில்ல. அவருக்குப் பயப்படுகவங்கள பாத்திருக்கேன். நான் பிளான் போடுகது அவியளுக்குத்தான்” என்றார் அண்ணாச்சி.

புதுப் பிளானைப் பார்க்கத் திருவனந்தபுரத்தில் இருந்து ஒரு பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்தார். பீடத்துப் பக்கத்தில் நின்று பிளானையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லா வழியும் நேராக இருக்க, பெரிய ரோடு மட்டும் ஏன் கோணலாகப் போகிறது என்று கேட்டார். தலைவர் பூங்கா என்று ஆரம்பித்து இருமினார். நாங்கள் எல்லாரும் பனைமரத்தைப் பார்த்தோம். அண்ணாச்சி ஒளிக்கவில்லை. இது மாடன் நடக்கிற வழி, இதில் ஒருத்தரும் வீடு கட்டமாட்டார்கள், அதனால் ரோட்டை இதன்மேலேயே போட்டிருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். போயிற்று, இந்தத் தடவையும் பைல் திரும்பிவிடும் என்று நினைத்தேன்.

ஆபீசர் பீடத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு மலையாளத்தில், “அப்போ ஈ ரோட்டில் ஆரும் கையேறில்ல” என்றார். ரோட்டை வளைத்துப் போட்டு வேலி கட்ட இங்கே ஒருத்தனுக்கும் துணிச்சல் வராது என்கிறார். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தான் அங்கீகாரம் கொடுத்த எத்தனையோ ரோடுகள் வருஷத்துக்கு ஒரு அடி சுருங்குவதைப் பார்த்தவர் போலிருக்கிறது. ஜீப்பின் முன்பக்கத்தில் பிளானை விரித்து அங்கேயே பரிந்துரை எழுதினார். மழை முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது.

அவர் சொன்னது பலித்தது. டவுனில் எந்தத் தெரு நெருங்கினாலும் எங்கள் பெரிய ரோடு இன்றைக்கும் நாற்பதடிதான். ஊடுவழியில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே மாடன் கிடையாதே. முதல் வேலி கட்டிய ஒரு கிளார்க் அரையடி வெளியே தள்ளிக் கட்டிவிட்டார். அண்ணாச்சி தினமும் காலையில் வந்து அந்த வேலிக்கு முன்னால் டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆறாம் நாள் அந்த மனுஷன் அவமானம் தாங்காமல் தானே வேலியைப் பிடுங்கி உள்ளே நட்டார்.

எங்கள் வீடு அடுத்த ஆவணியில் முடிந்தது. ஓலைக்கூரைதான், ஆனால் முன்னால் முற்றம் உண்டு. குடிபோகிற அன்று அக்கா கடைசித் தடவையாக அந்தச் சந்து முக்கை இன்னொருவர் தோளில் தாண்டினாள். விளையின் வாசலில் வண்டியை நிறுத்தி அவளைக் கட்டிலில் படுக்க வைத்தோம். நாலு பேர் தூக்கினார்கள். பெரிய ரோட்டில் கட்டில் போகும்போது அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அண்ணாச்சியை நாங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவர் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. எங்கள் ஊடுவழி திரும்புகிற முக்கில், இரண்டு பக்கமும் வேலி வந்துவிட்ட அந்த இடத்தில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். கட்டில் முக்கில் திரும்பியது. ஒரு பக்கமும் தாழவில்லை. அவர் குனிந்து, கட்டில் காலுக்கும் வேலிக்கும் நடுவில் கையை விரித்து வைத்தார்.

“ஒரு சாண் மிச்சம் இருக்கு, மக்ளே” என்றார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக மனசில் எழுதி வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, “சாப்பிட வாங்க, அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னேன். வீட்டு வாசலில் விளக்கோடு பக்கத்து வீட்டுக்காரிகள் காத்திருந்தார்கள். நல்ல நேரம் போகிறது, சீக்கிரம் வாருங்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அக்கா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி, இப்போது கடந்து வந்த முக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏலே, நில்லுங்க” என்றாள். “பின்னால கொண்டுபோய் இன்னொருக்க திருப்புங்க.”